மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டால் போதுமா? சென்னையில் பஸ், நடை, நிழல்

03-07-2025: ஒரு வாசகர் எழுதியது

மின்சார ஸ்கூட்டர் வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. புகை இல்லை, சத்தம் இல்லை, பெட்ரோல் பங்க் பக்கம் போவதே இல்லை. சுற்றுச்சூழலுக்கு என் பங்கை நான் செய்துவிட்டேன். அதற்கு மேலும் பஸ்ஸில் போ, நடந்து போ என்று சொல்வதெல்லாம் சென்னை மாதிரி ஊரில் நடக்காத காரியம். எல்லோரும் மின்சார வண்டிக்கு மாறினால் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

03-07-2025, இரவு: என் பதில்

தீராது என்றுதான் நினைக்கிறேன்.

புகை குறையும், சத்தம் குறையும். சிக்னலில் பக்கத்து வண்டியின் சூடும் கரியும் முகத்தில் அடிக்காமல் இருப்பது பெரிய நிம்மதி. ஆனால் மாலை ஆறரை மணிக்குப் புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். மூச்சு முட்டுவதற்குப் புகை பாதிக் காரணம், இடமில்லாதது மீதிக் காரணம். பெட்ரோல் வண்டி அடைக்கிற அதே இடத்தை மின்சார வண்டியும் அடைக்கும்.

12 மீட்டர் நீளமுள்ள பஸ் சாலையில் சுமார் 30 சதுர மீட்டர் பிடிக்கும். உட்கார்ந்தும் நின்றும் 60 பேர் இருந்தால் தலைக்கு அரை சதுர மீட்டர். சின்ன கார் ஒன்று ஆறேழு சதுர மீட்டர், பெரும்பாலும் உள்ளே ஒரே ஆள். ஸ்கூட்டர் ஒன்றேகால் சதுர மீட்டர். ஓடும்போது முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியை இதில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

அப்புறம் நிறுத்தும் இடம். பஸ் ஆளை இறக்கிவிட்டு அடுத்த ஆளை ஏற்றப் போய்விடும். கார் ஆளை இறக்கிவிட்டு நாள் முழுக்க அங்கேயே நிற்கும். பெரம்பூரில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் இரண்டு ஓரமும் கார் நின்றால் நடுவில் ஒரு ஆட்டோ போகத்தான் வழி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்த ஆட்டோவுக்கும் காருக்கும் நடுவில் பை இடிபட நடந்து வருகிறார்கள். அந்தக் கார்களை எல்லாம் மின்சாரத்துக்கு மாற்றினாலும் பிள்ளைகளுக்கு ஒரு அடி இடம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

04-07-2025, காலை

இன்னொன்று. வண்டியில் புகைக்குழாய் இல்லை, சரி. சார்ஜ் ஏறும் மின்சாரத்தில் கணிசமான பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்தப் புகைபோக்கிகள் அத்திப்பட்டிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் நிற்கின்றன. வடசென்னைக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி கிடையாது. அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கசிந்து படிந்ததையும், எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலும் மீனும் குறைந்துபோனதையும் காட்டுக்குப்பம் மீனவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தெற்கே தெரு சுத்தமாவதற்கு வடக்கே ஆறு சாம்பலாகக் கூடாது.

04-07-2025, மதியம்

காலையில் எழுதியதை மட்டும் படித்துவிட்டு மின்சார வண்டியே வீண் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதி எல்லாம் சூடாகப் போய்விடும். மின் மோட்டார் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே கொடுத்துவிடும். இப்போது காற்றுக்காலம் வேறு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நன்றாகச் சுற்றுகிற மாதங்கள் இவை. பெட்ரோல் ஸ்கூட்டரா மின்சார ஸ்கூட்டரா என்று கேட்டால் மின்சாரம்தான், சந்தேகமே இல்லை. ஸ்கூட்டரா பஸ்ஸா என்று கேட்டால் மட்டும்தான் எனக்கும் கேள்வி எழுதிய சாருக்கும் வழக்கு.

06-07-2025

மின்சார வண்டி புதுக் கண்டுபிடிப்பு மாதிரி இங்கே பேசுகிறார்கள். மெட்ராஸில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் முதல் மின்சார டிராம் அதுதான். 1953 வரை ஓடி நின்றது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் வந்து இன்றுவரை ஓடுகிறது. இந்த ஊரில் மின்சாரப் பயணம் என்பது ஆரம்பத்திலிருந்தே நாலு பேர் சேர்ந்து ஏறுகிற வண்டிதான். தனித்தனி ஆளுக்குத் தனித்தனி மோட்டார் என்று ஆனது இப்போதுதான்.

13-07-2025

வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஜூன் 30 அன்று 120 மின்சார பஸ்களை விட்டார்களே, அதில் போய் வந்தேன். எங்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதால் சீக்கிரமே வாய்த்தது.

தாழ்தள பஸ். வாசல் கிட்டத்தட்ட நடைபாதை உயரத்துக்கு இருக்கிறது. முழங்கால் வலியோடு ஒரு பாட்டி, கையில் ஆஸ்பத்திரி மாத்திரைப் பை, ஏறினார். பழைய பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரியும். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுத்துத்தான் ஏற வேண்டும், பின்னாலிருந்து ஒருவர் முழங்கையைத் தாங்க வேண்டும். இதில் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலை வைத்தார், இன்னொரு காலை வைத்தார், ஏறிவிட்டார். கண்டக்டர் "உக்காரும்மா, அப்புறம் எடுக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்த பிறகுதான் விசில் கொடுத்தார். எஞ்சின் இரைச்சல் இல்லாததால் கடைசி சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பரீட்சை பற்றிப் பேசுவது முன்னால் வரை கேட்டது. மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பாட்டி இறங்கிய இடத்தையும் பார்த்தேன். நடைபாதை விளிம்பு பஸ் தளத்தைவிட உயரம். பக்கத்தில் வடிகால் மூடி ஒன்று உடைந்து, அதன்மேல் யாரோ ஒரு மரக்கிளையைச் செருகி வைத்திருந்தார்கள். அவர் திரும்பவும் சாலையில் இறங்கி, நின்றிருந்த வண்டிகளைச் சுற்றிக்கொண்டு, எதிரே வரும் பைக்குகளைப் பார்த்துப் பார்த்து நடந்து போனார்.

இந்த இழையில் எனக்குச் சொல்ல இருப்பது ஏறக்குறைய இதுதான். பஸ் எதில் ஓடுகிறது என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை உள்ள அந்த ஐந்நூறு மீட்டரைப் பற்றிப் பேசுவதில்லை. அது நடக்க முடியாததாக இருக்கும்வரை, வசதி வந்த அன்றைக்கே ஆட்கள் வண்டி வாங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

14-07-2025

"நடைபாதையை விடுங்கள், பஸ்ஸே வராது. அரை மணி நேரம் ஒன்றும் இல்லாமல் அப்புறம் மூன்று 29சி வரிசையாக வரும்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. இது டிரைவர்கள் பேசிவைத்துச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் புறப்பட்ட பஸ்களில் முன்னால் போகும் ஒன்று ஜெமினி மேம்பாலம் பக்கம் நெரிசலில் கொஞ்சம் தாமதிக்கிறது என்று வையுங்கள். தாமதித்த நேரத்தில் அடுத்தடுத்த ஸ்டாப்புகளில் கூட்டம் சேர்ந்துவிடும். அவ்வளவு பேரும் ஏறி டிக்கெட் வாங்க இன்னும் நேரமாகும், பஸ் இன்னும் பின்தங்கும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்ற ஆளே இருக்காது. அது வேகமாக வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடும். முதல் பஸ்ஸில் படியில் தொங்குகிறார்கள், இரண்டாவதில் ஜன்னல் சீட் காலி.

தீர்க்க வழி இருக்கிறது. நடுவழியில் ஒரு ஸ்டாப்பில் பின்பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி இடைவெளியைச் சரிசெய்யலாம், ஏறுவதற்கு முன்பே டிக்கெட் எடுக்க வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, நெரிசல் உள்ள சாலைகளில் பஸ்ஸுக்கென்று ஒரு தடம் ஒதுக்க வேண்டும். 60 பேர் போகும் வண்டி ஒற்றை ஆள் போகும் கார்களுக்குப் பின்னால் நின்று தவிப்பது நியாயமே இல்லை.

27-07-2025

நடைபாதை பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள்.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வழிகாட்டுதலின்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் கடந்துபோகும் அளவு அது. விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றே ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருந்தது. இந்தியாவில் இப்படி ஒரு கொள்கையை முதலில் கொண்டுவந்த மாநகராட்சி இதுதான். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைவளாகம் திறந்தார்கள். அங்கே ஒரு மாலை போய்ப் பாருங்கள். தாத்தா பாட்டிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், குழந்தைகள் கையை விட்டுவிட்டு ஓடும். அகலமான நடைபாதை கொடுத்தால் இந்த ஊர் ஜனங்கள் நடப்பார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எனக்குள்ள வருத்தம், பாண்டி பஜாருக்குக் கிடைத்த அக்கறை சாதாரணத் தெருவுக்கு வரவில்லை என்பதுதான். எங்கள் தெருமுனையிலிருந்து பஸ் ஸ்டாப் வரை என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். முதலில் ஒரு மின்வாரியப் பில்லர் பாக்ஸ் (தெரு மின் கேபிள்களைப் பிரிக்கும் இரும்புப் பெட்டி), நடைபாதையின் முழு அகலத்துக்கு. அதைத் தாண்டினால் வீடுகளின் கார் ஏற்றும் சரிவுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உயரம், ஒவ்வொன்றிலும் ஒரு டைல்ஸ், மழை பெய்தால் வழுக்கும். அப்புறம் மழைநீர் வடிகாலின் மேல்தளம். அது நடைபாதையாகவும் இருக்க வேண்டும் என்று கட்டியது, ஆனால் சாலையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. கடைசியில் டிரான்ஸ்பார்மர். ஆட்கள் இது எதிலும் ஏறாமல் சாலை ஓரமாகவே நடந்து பழகிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு "யாரும் நடைபாதையைப் பயன்படுத்துவதில்லை, எதற்குச் செலவு" என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

02-08-2025

போன குறிப்புக்குக் கீழே நிறையப் பேர் "நடைபாதைக் கடைகளை எடுத்தால் எல்லாம் சரியாகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதிய பட்டியலில் ஒரு கடைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரவு எட்டரை மணிக்கு மேல் தனியாக நடந்து வருகிற பெண் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஸ்டாப்பில் வெளிச்சம் தருவது பூக்கார அக்காவின் பல்பும் இட்லிக் கடையின் டியூப்லைட்டும்தான். அவர்கள் இருக்கும்வரை பயமில்லாமல் நிற்பேன். அவர்கள் எடுத்துக்கட்டிய பிறகு அந்த இடம் வேறு மாதிரி ஆகிவிடும். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது, விரட்டச் சொல்லவில்லை. கடைக்கு ஒரு வரிசை, நடக்க ஒரு வரிசை என்று பிரித்துக் கொடுத்தால் இருவருக்கும் போதும். அந்த இரண்டாவது வரிசை இப்போது வண்டி நிறுத்தப் போய்விட்டது என்பதுதான் சிக்கல்.

17-08-2025

போன வாரம் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்தும் 135 மின்சார பஸ்கள் புறப்பட்டன. செய்தியைப் படித்ததும் எனக்குப் பஸ்ஸைவிட பெரும்பாக்கம்தான் மனதில் நின்றது.

கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் வைத்தார்கள். ஆற்றங்கரையில் இருந்தபோது வீட்டு வேலைக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் நடந்தே போனவர்கள். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போட்டதும் அதே வேலைக்கு விடியற்காலையில் பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. பலருக்கு வேலையே போனது. வெள்ளத்தில் அவதிப்படக்கூடாது, நல்ல வீடு வேண்டும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் நடந்துபோகும் தூரத்தில் இருந்த பிழைப்பை இருபது கிலோமீட்டர் ஆக்கிவிட்டு அப்புறம் மின்சார பஸ் விடுவதை மட்டும் பசுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு வேலைக்குப் பக்கத்தில் இருப்பதைவிடச் சுத்தமான போக்குவரத்து கிடையாது.

எங்கள் அடுக்குமாடியில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் அக்கா கொடுங்கையூரிலிருந்து வருகிறார். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வருவதற்கு முன்பு நடந்துதான் வருவார். வெயில் காலத்தில் வந்ததும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். இப்போது பஸ். மிச்சமான நேரத்தில் ஒரு வீடு கூடுதலாகப் பிடித்திருக்கிறார். பெண்ணை டிப்ளமோ சேர்த்திருக்கிறார். இவரிடம் வண்டி இல்லை, ஏ.சி. இல்லை, வருடத்துக்கு ஒரு போன் மாற்றுவது இல்லை. சென்னையின் காற்றையும் தண்ணீரையும் இவரைவிடக் குறைவாகச் செலவழிக்கிற ஆளை எங்கள் கட்டடத்தில் நான் பார்த்ததில்லை. அவர் குடியிருப்பது வடசென்னைக் குப்பை எல்லாம் போய்ச் சேரும் குப்பைமேட்டுப் பக்கத்தில்.

"இலவசம் கொடுத்தால் நஷ்டம்" என்ற பதில் வரும் என்று தெரியும். அந்தப் பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. தவிர, மேம்பாலத்தில் ஏறுகிற காரை நிறுத்தி யாரும் டிக்கெட் கேட்பதில்லையே.

18-08-2025

பெண்களும் போக்குவரத்தும் என்றதும் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு பெண்கள் ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கும் திட்டமும் பிறகு வந்தது. சென்னையில் மட்டும் சைக்கிள் என்றால் பால்காரர், டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர் என்று சுருங்கிவிட்டது. ஒரு சாதாரணப் பெண் காய்கறி வாங்கச் சைக்கிளில் போகும் தெருவாக எங்கள் தெரு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

07-09-2025

பேச்சு மாறுகிறது என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். வீட்டுக்குள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார்.

புதிதாக ஒன்றும் இல்லை. பேப்பரும் பால் கவரும் பழைய பேப்பர் கடைக்கு. பால் கவரைக் கழுவிக் காயவைத்தால்தான் எடுத்துக்கொள்வார். இரும்பு, உடைந்த பக்கெட் எல்லாம் காயலான் கடைக்கு. பட்டுப் புடவை பழசானால் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்குவது என் மாமியார் காலத்திலிருந்து நடக்கிறது. ஓட்டலில் சாம்பார் வாங்கத் தூக்குவாளி கொண்டுபோனால் முன்பெல்லாம் சாதாரணமாக ஊற்றிக் கொடுப்பார்கள். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது கொஞ்ச நாள் எல்லாக் கடையிலும் அந்த வழக்கம் திரும்பி வந்தது. இப்போது மறுபடி கவர்தான் நீட்டுகிறார்கள். தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு "இதுலயே ஊத்துங்க அண்ணா" என்று கேட்க வேண்டும். கேட்டால் ஊற்றுவார்கள்.

இதை எழுதக் காரணம் ஒன்றுதான். பழைய பேப்பர்காரரும் பாத்திரக்காரரும் தள்ளுவண்டியிலோ சைக்கிளிலோ தெருவுக்குள் வரமுடிகிற வரைதான் இந்தச் சுற்று நடக்கும். கேட் போட்டு, "வியாபாரிகள் உள்ளே வரக் கூடாது" என்று போர்டு மாட்டும் குடியிருப்புகளில் அதே பால் கவர் நேராகக் குப்பைமேட்டுக்குப் போகிறது.

25-09-2025

திங்கட்கிழமை 'சென்னை ஒன்' செயலி வந்திருக்கிறது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. பலன் கைக்கு வர 15 வருடம். வந்ததே, அதுவரை மகிழ்ச்சி. 14-07 குறிப்பில் ஏறுவதற்கு முன்பே டிக்கெட் எடுப்பது பற்றி எழுதியிருந்தேன். இது பழகிப்போனால் ஸ்டாப்பில் பஸ் நிற்கும் நேரம் குறையும்.

டிக்கெட் ஒன்றானால் மட்டும் போதாது, படிக்கட்டும் ஒன்றாக வேண்டும். தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது. 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்து கிலோமீட்டர்தான். 2025 செப்டம்பர் வரை அதில் பயணிகளை ஏற்றவில்லை. பறக்கும் ரயில் நிலையங்கள் பெரிய பெரிய கட்டடங்கள், ஆனால் ஆள் நடமாட்டம் குறைவு. கீழ்த்தளத்தில் நாலு கடை, ஒரு டீக்கடை, வாசலில் ஒரு சின்ன பஸ் இருந்தாலே இரவில் பெண்கள் தைரியமாக ஏறுவார்கள். 2013-ல் வந்த 'எஸ்' எண் சின்ன பஸ்களை நிலைய வாசல்களுக்கு இன்னும் அதிகமாக விட்டால், ஷேர் ஆட்டோவுக்குச் சாலை நடுவே ஓட வேண்டியிருக்காது.

18-10-2025

ஸ்கூட்டர் பற்றி முதலில் கேட்டிருந்த சார் திரும்ப எழுதியிருக்கிறார். அவர்கள் அடுக்குமாடியில் சார்ஜ் போடும் இடத்துக்குச் சங்கத்தில் சண்டையாம். மழை தொடங்கியதும் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றதால் பிளக்கை மூடிவிட்டார்களாம். இரண்டாவது மாடியிலிருந்து ஒயர் இழுத்து விடுவது ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள். தரையிலிருந்து நாலடிக்கு மேல், தனி மீட்டரோடு, மின்கசிவு கண்டால் தானே அணையும் பிரேக்கரோடு ஒரு இணைப்பு வாங்குங்கள். சங்கத்தில் செலவுக் கணக்குச் சண்டை தனி மீட்டர் வந்ததும் நின்றுவிடும். எங்கள் கட்டடத்தில் அப்படித்தான் தீர்ந்தது.

அவர் எழுதியதில் இன்னொரு வரி எனக்குப் பிடித்தது. வண்டி நின்றுபோன அந்த வாரம் பஸ்ஸில் போனாராம். "பஸ் பரவாயில்லை, பஸ் ஸ்டாப்தான் முடியவில்லை" என்கிறார். நானும் ஜூலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சார்!

19-10-2025

ஸ்டாப் என்றதும் மழை பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு மழையைவிட ஏப்ரல், மே மாதம்தான் கவலை. மேற்குப் பார்த்த ஸ்டாப்பில் மதியம் மூன்று மணிக்கு நிழற்குடையின் நிழல் பின்பக்கம் போய் விழும். உலோக இருக்கையைத் தொட முடியாது. அப்போது பார்த்தால் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஆறேழு பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். கடைசியில் நிற்பவருக்குத் தலைக்கு மட்டும் நிழல் எட்டாது. சூரியன் நகர நகர வரிசையும் நகரும். குழந்தையை வைத்திருக்கும் அம்மாவை நடுவில் விடுவார்கள், யாரும் சொல்லாமலே.

ஒரு புங்கை மரம் இருந்தால் அத்தனை பேரும் நிற்கலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் ஊர் முழுக்க மரங்கள் விழுந்தன. தூங்குமூஞ்சியும் குல்மோகரும் அதிகம் போயின. கேபிள் பதிக்கத் தோண்டும்போது வேரை வெட்டுவதும், அடிமரம் வரை சிமெண்ட் பூசுவதும் காற்றுக்கு முன்பே பாதி வேலையை முடித்து வைத்திருந்தன. பல ஸ்டாப்புகளில் அந்த இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.

09-11-2025

பெரம்பூரிலிருந்து அடையாறு வேலைக்கு வண்டி இல்லாமல் போக முடியுமா என்று புதிதாக வேலை கிடைத்த ஒரு பெண் கேட்டிருக்கிறார். முடியும் அம்மா. நேர் பஸ் 29சி. காலை எட்டு மணிக்கு முன்னால் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். ரயிலில் போக நினைத்தால் பெரம்பூரிலிருந்து சென்ட்ரல், சுரங்கப்பாதை வழியாகப் பார்க் டவுன், அங்கே பறக்கும் ரயில், கஸ்தூரிபாய் நகரில் இறங்கினால் அடையாறு. மழை நாளில் இந்த வழிதான் நிச்சயம். இலவச பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால் 1,000 ரூபாய் மாதப் பாஸ் ஏ.சி. இல்லாத எல்லா பஸ்ஸுக்கும் செல்லும். ஏ.சி. பஸ்ஸும் சேர்த்து என்றால் 2,000 ரூபாய். காலுக்கு ஒட்டிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், ஈரமான டைல்ஸ் சரிவுகளில் ரப்பர் செருப்பு வழுக்கும்.

மரம் விஷயம். எங்கள் தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து ஸ்டாப் பக்கத்தில் இரண்டு புங்கையும் ஒரு பூவரசும் வைக்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மண் விட வேண்டும், சிமெண்ட் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூண்டும் தண்ணீரும் எங்கள் பொறுப்பு. கீழே மின் கேபிள் போகிறதா என்று பார்த்துச் சொல்ல யாரைக் கேட்பது என்பதில்தான் நிற்கிறது. உங்கள் பகுதியில் யாராவது இப்படி நட்டிருந்தால், கேபிள் வரைபடம் எந்த அலுவலகத்தில் கிடைத்தது, எத்தனை நாள் ஆனது என்று எழுதுங்கள். இந்த மழை ஓய்வதற்குள் நட்டால் கோடைக்கு முன்னால் வேர் பிடித்துவிடும்.